கண்ணால் கேட்டது

கண்ணை மூடிக்கொண்டால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது. காதில் விழுவதெல்லாம் வெறும் சளசளப்பு. ஆனால் எதிரே நிற்பவரின் வாயை மட்டும் பார்க்க விடுங்கள், ஒரு சொல் தப்பாது. இங்கிலாந்தில், இந்தப் பிராக்கன்ஷா ஊரில், நான் வேலை செய்கிற மில்லில் நானூறு தறிகள் ஒரே கூரைக்குக் கீழே அடித்துக்கொள்கின்றன, தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரிக்குக் கேட்காது, அதனால் இந்த ஊர்ப் பெண்கள் குரலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து வாயை மட்டும் அசைத்துப் பேசுகிறார்கள், உதட்டை இப்படி இழுத்து, அப்படிக் குவித்து, புருவத்தையும் சேர்த்து ஆட்டி, ஆறு தறி தள்ளி நிற்பவளிடம் முந்தாநாள் புருஷனோடு போட்ட சண்டையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிடுவார்கள். மூன்று வருஷம் அந்த வாய்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பாஷை வந்தது. பேச வராது, கேட்க வராது, பார்க்க வரும். மில்லுக்கு வெளியே இது யாருக்கும் தெரியாது. இதோ என் பக்கத்தில் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாரே என் வீட்டுக்காரர், இவருக்கும் தெரியாது. இவர் கணக்கில் செல்லாத்தாள் என்கிற நான் கடையில் விரலை நீட்டிச் சாமான் வாங்குகிறவள், தனியாக விட்டால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கத் தெரியாமல் டிப்போவுக்கே போய்விடுகிறவள். வேண்டுமென்றேதான் சொல்லாமல் வைத்திருந்தேன். நாச்சிமுத்து என்கிற பேரை நறுக்கி ‘நாட்’ ஆக்கி, நாள் முழுக்க ஃபவுண்டரியில் ஏய் நாட் வா, ஏய் நாட் போ என்று இவரை விரட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து, ‘இதுக்கு இங்கிலீசுல இப்பிடிச் சொல்லோணும் புள்ள’ என்று எனக்குப் பாடம் நடத்தும்போதுதான் அந்த முகத்தில் கொஞ்சம் தெம்பு வரும். அதை நான் கெடுப்பானேன். ஒரு நாள் இவருக்குச் சோறு கொண்டுபோய் ஃபவுண்டரி வாசலில் நின்றபோது ஃபோர்மன் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னான். இவர் சிரித்துக்கொண்டே, ‘உனக்கு நல்ல கம்பளிக்கோட்டா வாங்கிக் குடுக்கச் சொல்றாரு’ என்றார். அவன் சொன்னதில் கோட்டு எதுவும் இல்லை. அன்றைக்கும் சும்மாதான் இருந்தேன். இன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் கொஞ்சம் கண்ணசந்திருக்கலாம். பக்கத்திலிருந்த கிழவியின் தொப்பியை வேடிக்கை பார்த்திருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம், வாயைத்தான் பார்த்தேன்.

பஸ் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. மணி நாலுதான் ஆகிறது, அதற்குள் இருட்டிவிட்டது. வெளியே மஞ்சள் மஞ்சளாக மூடுபனி, பாதி பனி, பாதி புகைபோக்கி கக்குகிற கரிப்புகை, வாயைத் திறந்தால் நாக்கில் கசக்கிறது. கண்டக்டர் பெண் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நடக்கிறாள், பஸ் அவள் பின்னால் ஊர்கிறது. சீட்டுக் கொடுக்கும்போது இவரைப் பார்த்து ‘எங்க போகணும் லவ்’ என்று கேட்டவள் அவள்தான். இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் லவ். வந்த புதிதில் ஒரு கண்டக்டர் ஆம்பளை என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டான் என்று இவரிடம் சொல்லி நான் ஆடின ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது அப்படிச் சிரிக்க முடிந்தது. இப்போது சிரித்தால் இருமல் வந்துவிடும், இருமினால் கைக்குட்டையை மடித்து எனக்குத் தெரியாமல் பையில் வைத்துக்கொள்வார், அதைத் துவைக்கிறவளே நான்தான் என்பது மறந்துபோகும். “தபால் எடுக்கறதுக்குள்ள போயிருவமா புள்ள?” என்றார் இவர். “அஞ்சரைக்குத்தானுங்க எடுப்பாங்க, போயிருலாம்” என்றேன். இவர் கை கோட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. உள்ளே நீலநிற ஏர்மெயில் கடுதாசி இருக்கிறது, ஒட்டி, விலாசம் எழுதி, எங்கள் தெரு முனையிலிருக்கும் சிவப்புத் தபால்பெட்டியில் போட வேண்டியதுதான் பாக்கி. ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பெட்டி இருந்தது, பனியில் இவர் கண்ணில் படவில்லை, என் கண்ணில் பட்டது, நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பது நிமிஷம் கிடைக்கிறதே என்று நினைத்தேன். நாற்பது நிமிஷத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று நினைக்கவில்லை.

கடுதாசி சுலோச்சனாவைப் பற்றியது. எங்களுக்கு ஒரே பெண், பதினாலு நடக்கிறது, சிங்காநல்லூரில் இவருடைய அக்கா மயிலாத்தாள் வீட்டில் இருந்து படிக்கிறாள். நான் இங்கே வந்து மூன்று வருஷம். இவர் கப்பல் ஏறி ஏழு வருஷம் ஆகிறது, அந்த ஏழு வருஷமாக மகளை இவர் பார்க்கவில்லை. போன வாரம் அக்கா எழுதியிருந்தார்கள், பொங்கல் கழிந்ததும் பல்லடத்து டாக்டர் சம்சாரம் ஏரோப்பிளேனில் லண்டன் போகிறார்கள், பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிடுகிறேன் என்கிறார்கள், பாஸ்போர்ட்டும் தயாராக இருக்கிறது, அனுப்பவா வேண்டாமா, உடனே எழுது என்று. இவர் குதித்தார். நான்தான் வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை. படிப்பை முடிக்காமல் இங்கே வந்தால் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள், அப்புறம் என் பக்கத்துத் தறியில்தான் வந்து நிற்பாள், பஞ்சைத் தின்றுகொண்டு, காது செவிடாகி, நான் பெற்றது டீச்சராக வேண்டும் என்று கத்தினேன். தட்டைக்கூட ‘ணங்’கென்று வைத்தேன். கடைசியில் இவர் அடங்கிப்போய் பேனாவை எடுத்து, ‘பரீட்சை முடியட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது அனுப்ப வேண்டாம்’ என்று எழுதினார். எழுதி எனக்குப் படித்தும் காட்டினார். எனக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது. இந்த ஊரில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான், சுலோ எழுதுவதை எனக்கு வாசித்துக் காட்டுவதும் இவர்தான், நான் சொல்லச் சொல்ல அவளுக்கு எழுதுவதும் இவர்தான். நான் ஜெயித்துவிட்டேன் என்று திங்கட்கிழமை மில்லில் பக்கத்துத் தறி எட்னாவிடம் உதட்டை அசைத்துப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். இவருடைய எக்ஸ்ரே படத்தின் பலனைச் சொல்ல வரச்சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே கண்ணாடித் தடுப்பு போட்ட அறை, அதற்குள் பெரிய டாக்டரும் தலைமை நர்ஸம்மாவும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டாக்டருக்கு மீசை, வாய் தெரியாது, மீசை அசைவது மட்டும் தெரியும். நர்ஸம்மா அகலமான முகம், இந்த ஊர்க்காரி, சத்தியமாகத் தறிக்காரி மகள். இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சில வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். கர்ப்பப்பை, ஆபரேஷன், அந்த வியாதியின் பேர். ஆளே இல்லாத சமையலறையில் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த வார்த்தை வரும்போது குரலை நிறுத்திவிட்டு உதட்டால் மட்டும் சொல்வார்கள், அப்புறம் மறுபடி குரலைச் சேர்த்துக்கொள்வார்கள். யார் காதிலும் விழக்கூடாது என்று. அவள் முதலில் ‘ரெண்டு பக்கமுமா’ என்றாள். மீசை அசைந்தது. ‘ஈஸ்டர் வரைக்குமாவது?’ என்றாள். மீசை அசைந்தது. ‘ஈஸ்டரே தாண்டாதா, அடப்பாவமே’ என்றாள். அப்புறம் அந்த வார்த்தை, குரலில்லாமல், தறிக்கூடத்தில் சொல்வதுபோல அகல அகலமாக. யார் காதிலும் விழாமல் இருக்க எவ்வளவு பெரிதாக வாயைத் திறந்தாளோ அவ்வளவு பளிச்சென்று என் கண்ணில் விழுந்தது. ‘அவர்கிட்ட சொல்லப்போறீங்களா?’ டாக்டர் தலையை ஆட்டினார், இல்லை. ‘சம்சாரத்துகிட்ட?’ என்று கேட்டுக்கொண்டே கண்ணாடி வழியாகத் திரும்பி என்னைப் பார்த்தாள், என் சேலையை, அதற்குமேல் போட்டிருந்த கம்பளிக்கோட்டை, மடியிலிருந்த கையை. ‘அவளுக்கு இங்கிலீஷே தெரியாது, பாவம்’ என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இவருக்குச் சாவு எழுதிக்கொண்டிருக்கிற வாயைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன்.

வேறு யாருடைய படமாகவாவது இருக்கும். அப்படியும் நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடவை அல்ல, இந்த பஸ்ஸில் ஏறியதிலிருந்து பத்துத் தடவை. அந்தப் பெஞ்சில் இருமாதவர் யார், எல்லாருமே இருமினார்கள், தொப்பிக்காரக் கிழவி இவரைவிட மோசமாக இருமினாள். ஆனால் படத்தின் மூலையில் வெள்ளையாக எழுதியிருந்த பேர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்டது, இந்த ஊரில் எவனுக்கும் அவ்வளவு நீளமாகப் பேர் கிடையாது. கிழவிக்கு ஏது இங்கிலீஷ் தெரியாத சம்சாரம். சரி, டாக்டர் தப்பாகச் சொல்லியிருக்கலாம், டாக்டர்களும் மனுஷர்கள்தானே. அப்படியென்றால் நர்ஸம்மா ஏன் பாவம் என்றாள். திரும்பத் திரும்ப அந்தப் பாவத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும், யாராவது வந்து முடிச்சுப் போட்டால்தான் மறுபடி ஓடும். எனக்கு முடிச்சுப் போட யார் வரப்போகிறார்கள். டாக்டர் வெளியே வந்து இவர் தோளில் கைவைத்து, மீசைக்குள்ளிருந்து நிறையப் பேசினார். இவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமி, “பழைய சளிதானாமா புள்ள, கட்டியா உறைஞ்சு கெடக்குதாமா. டானிக்கு எழுதிக் குடுத்திருக்குது. பனிக்காலம் போச்சுன்னா தன்னால செரியாப் போயிருமாமா” என்றார். ‘அப்புடீங்களா’ என்றேன். முகத்தில் சந்தோஷத்தை வரவழைத்தேன். இவர் மூன்று வருஷமாக இந்த ஊர்க்காரர்கள் சொன்னதை எனக்கு மாற்றி மாற்றி நல்லதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், இன்றைக்குத்தான் கேட்டதை ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னார்.

ஈஸ்டர் எப்போது வரும். மில்லுக்கு வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் லீவு விடுவார்களே, பெண்கள் புதுத் தொப்பி வாங்குவார்களே, அது எந்த மாசம். இந்த வருஷம் பங்குனியில் வந்தது. அடுத்த வருஷம் தள்ளி வருகிறது என்று எட்னா சொன்னாள், சித்திரைப் பிறப்பை ஒட்டி. இப்போது கார்த்திகை. மார்கழி, தை, மாசி, பங்குனி. விரல்விட்டு எண்ணினால் ஒரு கையே போதும். பொங்கல் கழிந்து சுலோ வந்துவிட்டால் இரண்டு மாசம், இரண்டரை மாசம். அவள் இவருக்குப் பேப்பர் படித்துக் காட்டலாம், இவர் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரலாம், என்னைவிட நல்ல மாணவி கிடைப்பாள். அவ்வளவுதான் நான் கேட்பது, அந்த இரண்டு மாசம். வாயைத் திறந்து, பிள்ளை வரட்டுங்க என்று சொன்னால் முடிந்தது. ஆனால் எப்படிச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தட்டைத் தூக்கி வைத்துச் சண்டை போட்டவள் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு மனசு மாறினால் இவர் என்ன முட்டாளா, ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார். சொன்னால் மகள் கிடைப்பாள், நம்பிக்கை போய்விடும். சொல்லாவிட்டால் நம்பிக்கை இருக்கும், மகளைப் பார்க்காமல் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால். என் நாக்கை அறுத்துப்போட வேண்டும். ‘எலும்பும் தோலுமா இருக்கறப்ப வந்தா அழுதுருவா’ என்று இவர் இப்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், ஜன்னலைப் பார்த்து, “நீ சொன்னதுதான் செரி புள்ள. உடம்பு தேறட்டும். அப்பறம் நானே லண்டனுக்குப் போயி எறக்கிக் கூட்டியாறேன்.” நான் சொன்னதுதான் சரியாம். பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஆமாங்க’ என்றேன்.

எட்னாவின் புருஷனுக்கும் இதே வியாதிதான், வயிற்றில். அவர் நிலக்கரிச் சுரங்கத்து ஆள், தறிப்பேச்சு தெரியாது. கடைசிக் காலத்தில் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர், கையில் தேநீர்க் கோப்பை, வானிலையைப் பற்றிச் சத்தமாகப் பேசுவார்கள், நடுவில் திடீரென்று குரல் நின்றுபோகும், அவர் தலைக்குமேலே உதடுகள் மட்டும் அசையும், எத்தனை நாள், சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டாயா, வலிக்கு என்ன கொடுக்கிறார்கள். அப்புறம் மறுபடி மழை, குளிர். அவர் படுத்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாமே எனக்கு விளங்கியது, அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை, அல்லது எல்லாமே விளங்கிவிட்டது, அந்தக் கண்ணைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘கடைசி வரைக்கும் அல்சர்னே நம்பிட்டுப் போனார், அதுதான் நல்லது’ என்று எட்னா தறிக்கு நடுவே எனக்குச் சொன்னாள். சொல்லும்போது பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், கல்யாணத்துக்கு முன்னால் பெற்றோர் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுச் சீராகப் போட்ட செட் அது, இந்த ஊரில் அப்படியும் ஒரு சீர். பல்லில்லாத வாயைப் படிப்பது கஷ்டம், ஆனாலும் படித்தேன். நான் அன்றைக்கு எட்னாவை மனசுக்குள் திட்டினேன், இவ்வளவு கல்நெஞ்சா என்று. இன்றைக்கு நானும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு என்னைப் பற்றியும் பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் உயிரோடு, சூடாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நானோ இவர் போன பிறகு சுலோ எழுதுவதை யார் எனக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று யோசிக்கிறேன். கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, நீலக் காகிதத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா. இங்கே எரிப்பார்களா, புதைப்பார்களா, கொள்ளி யார் வைப்பது. அடி நாயே, மூச்சு இருக்கும்போதே கொள்ளியைப் பற்றி யோசிக்கிறாயே. இவர் உள்ளங்கை என் முழங்கையில் வந்து பட்டது. “குளுருதா?” என்றார். ‘இல்லீங்க’ என்றேன். கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எதிர் சீட்டில் ஒரு அம்மாள் தன் மகளிடம் எங்களைக் காட்டி, ‘அந்த மனுஷனுக்கு உடம்பு முடியலை பாரு’ என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டேன். இனி எந்த வாயையும் பார்க்கக் கூடாது, எவள் என்ன சொன்னாலும் சரி. தரையில் நசுங்கிக் கிடந்த பஸ் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்லலாம், சொல்ல வேண்டாம், சொல்லலாம். கண்டக்டர் பெண் மேலே ஏறி, ஈரத் தலையை உதறி, எங்கள் நிறுத்தத்தின் பேரைக் கூவினாள் போலிருக்கிறது, இவர் எழுந்து என் கையைப் பிடித்து இறக்கினார், நான் டிப்போவுக்குப் போய்விடாமல்.

தெருமுனையில் விளக்குக் கம்பம், அதன் அடியில் தபால்பெட்டி. கிட்டப் போன பிறகுதான் சிவப்புத் தெரிந்தது. இன்னும் தபால் எடுக்கவில்லை. இவர் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்று, கோட்டுப் பொத்தானைக் கழற்றி, கடுதாசியை வெளியே எடுத்தார். என் கை தானாகப் போய் இவர் மணிக்கட்டைப் பிடித்தது. “வேண்டாமுங்க. போடாதீங்க. புள்ளை வரட்டும்.” இவர் சிரித்தார். “ஏம்புள்ள, ஞாயித்துக்கெழம அந்த ஆட்டம் ஆடிப்போட்டு இப்ப என்ன? அம்முணி டீச்சராகோணும், தறியில நிக்கக்கூடாது...” சிரிப்பு பாதியில் நின்றது. விளக்கு வெளிச்சம் என் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். “ஆரு சொன்னாங்க உனக்கு?” என்றார். “அந்த நர்ஸம்மா. கண்ணாடிக்குள்ள பேசுனாங்க. எனக்கு வாயப் பாத்தா இங்கிலீசு தெரியுமுங்க, மில்லுல படிச்சது, உங்ககிட்ட சொல்லுல.” கோபப்படுவார் என்று நினைத்தேன். “எவ்வளவு நாளாமா?” என்றார். ஈஸ்டர் வரைக்கும் போகாதாம் என்று சொன்னேன். வாய்விட்டு, சத்தமாக, நடுத்தெருவில் சொன்னேன். இவருக்கு இருமல் வந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொண்டே, பாவி மனசு அவசரமாகக் கணக்குப் போட்டது, போஸ்ட் ஆபீஸ் இன்னும் மூடியிருக்காது, இப்போதே திரும்பிப் போய் அக்காவுக்குத் தந்தி அடித்துவிடலாம், அனுப்பு என்று ஒரே ஒரு வார்த்தை போதும், நான் சொல்லியாகிவிட்டது, கொடுமை செய்தாகிவிட்டது, இனி சுலோ வந்துவிடுவாள்.

“அப்படீன்னா அவ வரவே வேண்டாம்” என்றார். எனக்குப் புரியவில்லை. “நீங்க பாக்க வேண்டாமுங்களா அவள?” “பாக்கோணும்தான்” என்றார், உடனே, உதடு கோணிக்கொண்டது. “என்ற அப்பனுக்குக் காசம் வந்தப்ப எனக்குப் பன்னெண்டு வயசு. அப்பன் நல்ல திடகாத்திரமான ஆளுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் பாத்திருப்பனில்ல? ஆனா அந்த மூஞ்சி நெனப்புக்கே வரமாட்டீங்குது. கடசி மாசம் கட்டல்ல கெடந்த மூஞ்சி மட்டுந்தான் வருது. எப்ப நெனச்சாலும் அதுதான் வருது. சுலோவுக்கு நான் கப்பலேறுன அன்னிக்கிருந்த மூஞ்சி இருக்குது. அது இருந்துட்டுப் போவட்டும்.” பதினாறு வருஷக் குடித்தனத்தில் இவர் தன் அப்பாவைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டார், வலிக்காமல். கடுதாசியைப் பெட்டிக்குள் போட்டார். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. “வா போலாம், பனி நெஞ்சுக்கு ஆவாது” என்று சொல்லிவிட்டு நடந்தார். எங்கள் வீடு எட்டாவது கதவு. இரண்டாவது கதவுக்குப் பிறகு இவர் முதுகு தெரியவில்லை, செருமல் மட்டும் கேட்டது.

நான் போகவில்லை. பெட்டியின் வாய்க்குள் கையை விட்டேன், விரல் முட்டியோடு நின்றுவிட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, தபால் வண்டி பனிக்குள்ளிருந்து வந்து நின்றது. தபால்காரர் வயசானவர், சாவியைப் போட்டுத் திறந்து, இருந்ததையெல்லாம் ஒரே வாரில் பைக்குள் தள்ளினார். நீலம் தெரிந்தது. என் கைக்கு எட்டும் தூரத்தில் தெரிந்தது. அவர் நிமிர்ந்து, ‘என்ன லவ், ஏதாவது தொலைச்சிட்டியா?’ என்றார். விளக்கு வெளிச்சத்தில் அந்த வாய் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. எல்லா வார்த்தையும் எனக்குத் தெரியும். என் கடுதாசி, என் புருஷன், என் மகள், தயவுசெய்து. வாயைத் திறந்தேன். உதட்டை அகல அகலமாக அசைத்தேன், ஆறு தறி தள்ளி நிற்கிறவளுக்கும் புரிகிற மாதிரி, புருவத்தையும் சேர்த்து அசைத்தேன். குரல் வரவில்லை. அந்தப் பாஷைக்கு என்னிடம் குரலே இல்லை. பையைக் காட்டினேன், என் நெஞ்சைக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார், நல்ல மனுஷன், சித்தம் கலங்கியவள் என்று நினைத்திருப்பார். ‘வீட்டுக்குப் போ லவ், குளிரா இருக்கு’ என்று சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டுப் பையின் வாயைக் கட்டினார். வண்டி போய்விட்டது. நான் சுவரைத் தொட்டுக்கொண்டே கதவுகளை எண்ணி நடந்தேன். எட்டாவது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு இவர் நின்றிருந்தார். “எங்க போயிட்ட? இந்தப் பனியில நின்னு உனக்கு ஏதாச்சும் வந்துச்சுன்னா நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்?” என்றார். உள்ளே போனேன்.